கிள்ளான் வட்டாரம் தரும் சுகாதாரப் பாடம்

நோய்க்கு இனமும் மொழியும் தெரியா. ஆயினும், ஒரே வட்டாரத்தில் வாழும் மக்களுள் ஒரு சாராரை அது மிகுதியாக வருத்துவதும் மற்றொரு சாராரை விட்டு விலகுவதும் உண்டு. வாழும் இடம், செய்யும் தொழில், பெறும் வருவாய், கிட்டும் மருத்துவ வசதி ஆகியவை இவ்வேறுபாட்டுக்குக் காரணங்களாகின்றன. இதனைக் குறைக்கும் வழி யாது? போர்ட் கிள்ளான் வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

வடிகால் சென்ற இடமும் செல்லாத இடமும்

1972-இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் பெற்ற இத்துறைமுகம், 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயருடன் திறக்கப்பெற்றது. உடனே மலேரியாக் காய்ச்சல் பரவித் தொழிலாளர்களை வீழ்த்தியது. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி இருப்பதை 1897-இல் செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்திருந்தார். அவ்வழியைப் பின்பற்றி, கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன், நகரிலும் துறைமுகத்திலும் சதுப்பு நிலத்தை வடியச் செய்யவும் காட்டைத் திருத்தவும் வலியுறுத்தினார்.

1901-இல் மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தோர் கிள்ளான் நகரில் 334 பேர். 1905-இல் 12 பேரே. துறைமுகத்தில் அத்தொகை 188-இலிருந்து 11 ஆயிற்று. மாவட்டத்தின் பிற பகுதிகளிலோ 197-இலிருந்து 353 ஆக உயர்ந்தது! அப்பகுதிகளில்தான் புதிய ரப்பர்த் தோட்டங்கள் எழுந்துகொண்டிருந்தன. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் அங்கே லயங்களில் வாழ்ந்தனர். ஆள் தொகை பெருகியதும் இவ்வுயர்வுக்கு ஒரு காரணமே. ஆயினும், நகரைக் காத்த வடிகால் அன்று தோட்டத்தை எட்டவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

மக்களே கேட்ட மருத்துவம்

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலை நிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு ஒன்றையே அவர்கள் கேட்டனர் என்று எண்ணுதல் தவறு. முறையான மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்பனவும் அவர்தம் கோரிக்கைகளாகும். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர். ஏட்டுக்கல்வி மிகுதியாகப் பெறாத அம்மக்கள், உடல் நலத்தை உரிமையாகக் கருதிக் கேட்டதை நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும். பின்னாளில் வந்த தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், 1990-இல் சட்டம் 446 என்னும் வடிவம் பெற்று, குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை முதலாளிகளின் கடமையாக்கியுள்ளது.

இன்றைய இடைவெளி

இன்று நம்மைச் சூழ்ந்துள்ள பகை நீரிழிவு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ளோருள் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. மேலும், நோயுற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். மரம் சீவச் செல்வோரின் காலில் படும் சிறு காயமும், இந்நோய் முற்றினால், காலையே இழக்கச் செய்யும்.

சுகாதார அமைச்சு 2013-இல் தொடங்கிய ‘கோஸ்பென்’ திட்டத்தில், அந்தந்த வட்டார மக்களே தொண்டர்களாகப் பயிற்சி பெறுகின்றனர். இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, உடல் எடை ஆகியவற்றைச் சோதித்து, வேண்டியவரை அரசாங்கச் சுகாதார மருந்தகத்திற்கு அனுப்புகின்றனர். அண்டை வீட்டு அக்காளோ அண்ணனோ சொன்னால், தயங்குபவரும் சோதனைக்கு வருவர் அன்றோ?

அவர்களுக்கு நாம் செய்யத்தக்க சிறப்பு மாலையும் பொன்னாடையும் மட்டுமா? அழைத்தவுடன் சோதனைக்குச் செல்வதும், கோயில் திருவிழாவிலும் சங்கக் கூட்டத்திலும் அவர்களுக்கு இடமளிப்பதும், நாமும் தொண்டராகச் சேர்வதுமே உண்மையான பாராட்டு. 30 வயதைக் கடந்தோர், நோய்க்குறி இல்லாவிடினும், சர்க்கரைச் சோதனை செய்துகொள்க. வெறுங்காலுடன் வேலைக்குச் செல்லாதீர்கள்.

சிந்தனைக்கு:

1. 1901 முதல் 1905 வரை நகரில் குறைந்த மலேரியா, மாவட்டத்தின் பிற பகுதிகளில் ஏன் குறையவில்லை?

2. 1941-இல் தொழிலாளர்கள் விடுத்த கோரிக்கைகளுள் உடல் நலம் பற்றியவை யாவை?

3. உங்கள் தோட்டத்தில் பிறர் நலம் பேணுவோர் யாவர்? அவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி யாது?