ஆம்பூர் பஜாரில் ஒரு நாள்

லீவு நாளில் ஆம்பூர் போனால் என்ன சாப்பிடலாம், என்ன வாங்கலாம், என்ன தெரிஞ்சுக்கலாம் என்று பார்ப்போம்.

1. பிரியாணி: ஆம்பூர் பிரியாணிக்கு சீரக சம்பா அரிசிதான். காரத்துக்கு காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்துப் போடுவாங்க. அரிசியைத் தனியாக முக்கால் பதம் வேகவைத்து வடித்து, கறி மசாலாவில் கொட்டி, மூடி மேல் நெருப்பு வைத்து தம் போடுவாங்க. தொட்டுக்க கத்திரிக்காயும் வெங்காயத் தயிர் பச்சடியும் உண்டு.

2. செருப்பு: வாங்கும் முன் வெட்டிய ஓரத்தைப் பாருங்க. நார் நாராகத் தெரிந்தால் தோல். உள்ளே துணி ஒட்டியிருந்தால் ரெக்ஸின். இங்கே தைக்கும் ஷூ வெளிநாட்டுக்கும் போகுது. எங்க ஊர் அக்காக்கள் பலர் காலையிலேயே பஸ் ஏறிப் போய் தைக்கிறாங்க.

3. தண்ணீர்: பிரியாணிக்கும் தண்ணி வேணும், தோலுக்கும் தண்ணி வேணும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு போடுவாங்க. பதனிட குரோமிய உப்பு சேர்ப்பாங்க. அந்தக் கழிவுநீர் பாலாற்றிலும் நிலத்திலும் கலந்து கிணறுகள் கெட்டுப்போயின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கு போட்டது. 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே நஷ்டஈடு தரணும், கழிவுநீரைச் சுத்திகரிக்காத தொழிற்சாலையை மூடணும் என்று தீர்ப்பு சொன்னது.

அக்காக்களுக்கு வேலையும் வேணும், நமக்கு நல்ல கிணற்றுத் தண்ணியும் வேணும். எனவே கழிவுநீரைச் சுத்தம் செய்துதான் விடணும் என்று கேட்பது நம் உரிமை. அடுத்த தடவை ஆம்பூர் போனால் பாலாற்றையும் பார்த்துவிட்டு வாங்க.

பாலாற்றைக் காப்போம்!