டன் கணக்கும் எட்டும் தூரமும்

கேள்வி: கட்டட வேலைக்கு மேடுபள்ளத்தில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வாங்கலாமா, டெலிஹேண்ட்லர் வாங்கலாமா? டெலிஹேண்ட்லரைக் கண்டுபிடித்தது ஜேசிபிதானே?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். ஜேசிபி இல்லை. இங்கிலாந்தின் ரோசெஸ்டர் ஊரில் ஜேசிபியின் ‘லோடால்’ டெலிஹேண்ட்லர் பிறந்தது 1977-இல். அதற்கு முன்பே லைனர் நிறுவனத்தின் ‘ஜிராஃப்’ அந்த நாட்டுக் கட்டட மனைகளில் கையை நீட்டிச் செங்கல் தூக்கிக்கொண்டிருந்தது. லோடாலின் பெருமை வேறு. கட்டடக்காரர்களுக்காக வந்த வண்டியை விவசாயிகள் வைக்கோல் கட்டு அடுக்கவும் எரு வாரவும் இழுத்துக்கொண்டார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்த ஃபோர்க்லிஃப்ட் கதை பிரான்சில், லுவார் ஆற்றங்கரை ஊரான ஆன்செனியில் நடந்தது. மார்செல் ப்ரோ என்பவர் டிராக்டரின் ஓட்டுநர் இருக்கையை அப்படியே பின்பக்கம் பார்க்கத் திருப்பினார். பின்சக்கரங்களுக்கு மேலே சுமை தூக்கும் மாஸ்ட்டை நிறுத்தினார். டிராக்டரின் முதுகு, வண்டிக்கு முகமாகிவிட்டது! பெரிய சக்கரங்கள் முன்னால் வந்தன. சுமை ஏற ஏற அவை சேற்றை இன்னும் அழுத்திப் பிடித்தன. மறுகோடிக்குப் போன இன்ஜின், தனியாக இரும்புக்கட்டி வைக்க வேண்டிய அளவைக் குறைத்தது. சின்னச் சக்கரங்கள் பின்னால் இருந்தபடி வண்டியைத் திருப்பின. அந்த வண்டி 1958-இல் ‘மனிட்டூ’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இருக்கையைத் திருப்பியதுதான் அந்த நூற்றாண்டின் மிக அழகான பொறியியல் யோசனை என்பேன்.

சரி, எதை வாங்குவது? சுமைக்குப் பக்கத்திலேயே வண்டி போய் நிற்க முடியுமானால் மாஸ்ட் வண்டியே, அதாவது ஃபோர்க்லிஃப்டே, போதும். லாரியிலிருந்து இறக்குவது, அடுக்குவது, மனைக்குள் கொண்டுபோவது எல்லாவற்றையும் அது குறைந்த செலவில் செய்யும். நடுவில் அஸ்திவாரப் பள்ளமோ சாரமோ குறுக்கே நின்றால் மாஸ்ட் கைவிரித்துவிடும்; நீளும் கை உள்ள டெலிஹேண்ட்லர்தான் வேண்டும். ஆனால் அந்தக் கை ஓட்டுநருக்கு வலப்பக்கம் படுத்திருக்கும், அந்தப் பக்கத்துப் பார்வையை மறைக்கும். ஆள் நடமாட்டம் உள்ள மனையில் இதை மறக்கவே கூடாது.

இந்தப் பகுதியில் நான் ஓயாமல் சொல்வதை மறுபடியும் சொல்கிறேன். வண்டியின் மேல் எழுதியிருக்கும் டன் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து ஊரைச் சுற்றலாம். கையை நீட்டிப் பிடித்து வாசலைத் தாண்ட முடியாது. ஜேசிபியின் 535-95 வண்டியை எடுங்கள். பெயரில் உள்ள 35 என்பது மூன்றரை டன், 95 என்பது ஒன்பதரை மீட்டர் உயரம். கையை முன்பக்கம் முழுக்க நீட்டினால் அதே வண்டி ஏறக்குறைய அரை டன்தான் தாங்கும். ஒரு பேலட் செங்கல் ஒரு டன்னைத் தொடும். மூன்றரை டன் வண்டி ஒரே ஒரு பேலட்டுக்குக் குப்புற விழுவது இப்படித்தான். எந்தத் தூரத்தில் எவ்வளவு என்று கட்டம் போட்டுக் காட்டும் லோடு சார்ட் கேபினுக்குள்ளேயே இருக்கிறது. எல்லை நெருங்கினால் கையை நிறுத்திவிடும் ஏற்பாடு புதிய வண்டிகளில் உண்டு. இருந்தாலும் சார்ட்டைப் படிக்கத் தெரியாதவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். வாங்கப் போகும்போதும் விற்பவரிடம் முதலில் கேளுங்கள்: “எங்கள் சுமையை எத்தனை மீட்டர் தள்ளி வைக்கும்?”

கேள்வி: ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்புகள்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ஜிராஃப் பேச்சு வந்ததால் இதையும் இப்போதே எடுத்துக்கொள்கிறேன். ஏழு. நமக்கும் ஏழு, எலிக்கும் ஏழு. ஒட்டகச்சிவிங்கிக்கு எண்ணிக்கை கூடவில்லை, ஒவ்வொரு எலும்பும் ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. அத்தனை நீளக் கழுத்து இருந்தும் நின்ற நிலையில் அதற்குத் தரை எட்டாது. தண்ணீர் குடிக்க முன்கால்களை அகட்டவோ மடக்கவோ வேண்டும்.