படைத்தலைமை விரும்பும் மாணவர் பயில வேண்டிய பாடம் யாது?

இலங்கைப் புகையிரதப் பாதையில் மிக உயரத்தில் அமைந்த நிலையம் பட்டிப்பொல என்பதை நம் மாணவர் அறிவர். அங்கிருந்து பதுளை நோக்கிச் செல்லும் வண்டி ஒகியா, இதல்கசின்ன, அப்புத்தளை ஆகியவற்றைக் கடந்து தியத்தலாவையை அடைகின்றது. தரைப்படை அதிகாரிகளைப் பயிற்றும் இராணுவக் கழகம் அவ்வூரிலேயே உள்ளது. அவ்வண்டியை நாள்தோறும் காணும் நம் பிள்ளைகளுள், அதில் ஏறி அக்கழகம் புகலாம் என்று எண்ணுவோர் மிகச் சிலரே.

அச்சிலருள் ஒருவன் சாதாரணதரப் பரீட்சை எழுதியபின் என்னிடம் வந்தான். “ஐயா, படை அதிகாரியாக விரும்புகிறேன். பல்கலைக்கழகத்தில் எதைப் படிக்க வேண்டும்?” என்று வினவினான். “கணிதத்தைப் படி” என்று சட்டென விடையிறுத்தேன். அவன் முகம் வாடிற்று. புவியியலில் வகுப்பிற்கே முதல்வனான அவன், கணிதத்தில் இடர்ப்படுபவன் என்பது பின்னரே என் நினைவிற்கு வந்தது. ஆராயாது கூறிய அவ்விடையைத் திருத்தும் பொருட்டே இக்கட்டுரையை வரைகின்றேன்.

முதற்கண் வழிகளை அறிதல் வேண்டும். நம் நாட்டில் அதிகாரியாவதற்கு வழிகள் மூன்று. உயர்தரம் சித்தியடைந்து நேரே பயிலிளவல் அதிகாரியாகத் தெரிவு பெறுதல் ஒன்று. 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்டு, 2007இல் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்ற இரத்மலானை சேர் ஜோன் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, பட்டத்தோடு படைப்பயிற்சியும் பெறுதல் மற்றொன்று. மருத்துவம், பொறியியல் போன்ற துறைத் தகைமை பெற்றபின் படையிற் சேர்தல் மூன்றாவது. எவ்வாண்டில் எவ்வழி திறந்துள்ளது, வயது, உயரம், கண்பார்வை முதலிய நியதிகள் யாவை என்பவற்றை அவ்வவ்வாண்டு அறிவித்தலே கூறும். பிறர் சொற்கேட்டு நடவாது அதனைத் தாமே படித்தறிக.

இனிப் பாடத்தைப் பற்றி நோக்குவோம். திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். படைத்தலைவனுக்கு வேண்டிய அறிவை இம்மூன்றனுள் அடக்கலாம்.

வலியறிதல் என்பது அளந்தறியும் அறிவு. கணிதமும் பௌதிகமும் பொறியியலும் இதன்பாற்படும். உணவும் எரிபொருளும் மருந்தும் எத்துணை வேண்டும் எனக் கணக்கிடும் முகாமைத்துவமும் இதனுள் அடங்கும். நெப்போலியன் பீரங்கிப்படை அதிகாரியாகிய 1785ஆம் ஆண்டில், தேர்வில் அவரைச் சோதித்தவர் லாப்பிளாஸ் என்னும் கணிதப் பேரறிஞர். பீரங்கிக்குக் கணிதம் அத்துணை இன்றியமையாதது.

காலமறிதலுக்கு வரலாறும் அரசியலும் துணையாம். இடனறிதலோ புவியியலாம். நிலப்படத்தைப் படித்து, மேடு பள்ளங்களையும் ஆறுகளையும் பாதைகளையும் உணரத் தெரியாதவன் ஒரு சிறு குழுவையேனும் நடத்துதல் அரிது.

ஆகவே படைக்கெனத் தனிப்பாடம் ஒன்றில்லை. இந்தியாவிலும் இவ்வேறுபாடு தெளிவாக உண்டு. கடக்வாஸ்லா தேசிய பாதுகாப்புக் கழகத்தில் தரைப்படைப் பிரிவிற்கு எப்பாடத்துறை மாணவரும் விண்ணப்பிக்கலாம். கடற்படைக்கும் வான்படைக்கும் பௌதிகமும் இரசாயனவியலும் கணிதமும் வேண்டும். பொறியியற் பிரிவிற் சேர விழைபவன் உயர்தரத்திலேயே கணிதப் பிரிவை எடுத்தல் வேண்டும். அவ்வாயில் பின்னர் எளிதில் திறவாது.

எனினும் விருப்பமும் வலிமையும் இல்லாதவன் அப்பிரிவை எடுத்துத் தோல்வியுறின், எல்லா வாயில்களும் அடைபடும். கலைப்பிரிவில் நன்கு சித்தியடைந்தவன், கணிதப்பிரிவில் தவறியவனினும் அதிகாரிப் பதவிக்கு அண்மையில் நிற்பவன். இலங்கையரான முதற் தரைப்படைத் தளபதியாக 1955 முதல் 1959 வரை விளங்கிய அன்ரன் முத்துக்குமாரு ஒரு தமிழர். ஒக்ஸ்போர்ட்டிற் கற்றுப் பாரிஸ்டரானவர். சட்டம் பயின்ற அறிவு அவர் படைத்தலைமைக்குத் தடையாகவில்லை.

மற்றொன்றும் எண்ணுதற்குரியது. முழங்காலில் ஒரு குறை, கண்ணில் ஒரு மங்கல். மருத்துவச் சோதனை ஒரே நாளில் பல்லாண்டுக் கனவை முடித்துவிடும். அன்று கையில் நிற்பது கற்ற கல்வியே. ஆதலின் படை நம்மை ஏலாதொழியினும் சோறிடத்தக்க பாடத்தையே தெரிதல் வேண்டும். தோட்டத்தில் கொழுந்து பறித்துப் படிப்பிக்கும் தாய்க்கு, மகன் இரண்டாம் முறை தொடங்கக் காத்திருக்கும் வசதி இல்லை.

மொழிகளை மறவற்க. பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திற் கற்பிக்கும் மொழி ஆங்கிலம். கீழுள்ள வீரரோடு பழகச் சிங்களம் வேண்டும். தமிழை வழுவற எழுதவும் பேசவும் வல்ல அதிகாரி நாட்டிற்கு அரிய செல்வம்.

பெற்றோர் சிலர் இவ்வெண்ணத்தையே அஞ்சுவர். 1983 முதல் 2009 வரை நீண்ட போரைக் கண்ட மக்களின் அச்சம் பொய்யன்று. அதனை எள்ளுதல் தகாது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையக மக்களுள் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003இலேயே வந்தது. குடிமகனுக்கே உரிய இப்பதவியை ஒரு தோட்டத்துப் பிள்ளை விரும்பக் கூடியதே நெடும்போராட்டத்தின் பயன். போவதா, போகாதிருப்பதா என்பதை அவனும் பெற்றோருமே துணிக. அறியாமையால் மட்டும் வழி அடைபடலாகாது.

அம்மாணவனை மீண்டும் அழைத்து இரு வினாக்களைக் கேட்டேன். “படை என ஒன்று இல்லையாயின் எதைப் படிப்பாய்? படை உன்னை ஏலாதாயின் எதைக்கொண்டு வாழ்வாய்?” இரண்டிற்கும் அவன் தந்த விடை ஒன்றே: “புவியியல், ஐயா.” “அதையே படி, ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் விடாதே, காலையில் ஓடு” என்றேன்.

விழாக் காணும் இவ்வேளையில் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். மலையகத் தமிழ்ப் பாடசாலைகளுள் உயர்தரக் கணித, விஞ்ஞான வகுப்புகள் உள்ளவை சிலவே. ஒரு மாணவன் வலிமையின்றிக் கணிதத்தை விடுதல் வேறு; கற்பிப்பார் இன்றி விடுதல் வேறு. கணிதமும் ஆங்கிலமும் வல்லோர் வாரத்தில் ஒருநாள் இக்கல்லூரி வாயிலில் வந்து நிற்பாராயின், இரண்டாவது குறை தீரும். விழா மலரினும் நெடுநாள் வாடாத காணிக்கை அதுவேயாம்.