வீட்டுக் கடனும் விடுதிச் செலவும்

'எங்கள் வீடு' என்று பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். அவ்வீட்டின் பத்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நம்மில் எத்தனை பேருக்கு விடை தெரியும்? பலர் வீட்டுப் பத்திரம் பாங்கியின் இரும்புப் பெட்டியில் உறங்குகிறது. தந்தையார் அதைச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. 'பிள்ளை நிம்மதியாகப் படிக்கட்டும்; இந்தக் கவலை அவனுக்கு எதற்கு?' என்பது பெற்றோர் எண்ணம். அன்பிலே பிறந்த எண்ணந்தான். ஆயினும் நான் அதனை ஏற்பதற்கில்லை. காரணத்தைக் கணக்கைக் கொண்டே காட்ட முயல்கிறேன்.

முன்னாளில் நம் ஊர்ப்புறங்களில் ஒற்றி என்னும் முறை இருந்தது. கடன் கொடுத்தவர் நிலத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டு, விளைவை வட்டிக்கு ஈடாக எடுத்துக்கொள்வார். இன்றைய வீட்டுக் கடனில் வீடு நம் கையில் இருக்கும். பத்திரம் மட்டும் பாங்கியிடம் இருக்கும். பத்திரத்தை ஒப்படைத்து ஈடு வைக்கும் இம்முறைக்கு 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் இடந்தருகிறது. அச்சட்டத்தில் இதற்கெனப் பெயர் சுட்டப்பெற்ற நகரங்களுள் சென்னையும் ஒன்று. வீடு கையில் இருப்பதால் கடனின் சுமை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒற்றி வைத்தவனுக்கோ, தன் வயலில் பிறர் அறுவடை செய்யும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு சுட்டிருக்கும்!

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கடன் 20 லட்சம் ரூபாய். வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம். காலம் 20 ஆண்டு. மாதத் தவணை ஏறத்தாழ 17,995 ரூபாய் ஆகும். முதல் மாதத் தவணையில் வட்டிக்கே 15,000 போய்விடும். அசலில் கழிவது 2,995 மட்டுமே. முதல் ஆண்டு முழுவதும் 2 லட்சத்து 16 ஆயிரம் அளவிற்குக் கட்டி முடித்தபின் அசலில் குறைந்திருப்பது 37,500 ரூபாய்கூட இல்லை. அசலில் பாதி தீருவது எப்போது? பத்தாம் ஆண்டில் என்றுதான் எவரும் சொல்வர். உண்மையில் 14 ஆண்டு ஆகும்! மொத்த வட்டியோ 23 லட்சத்தைத் தாண்டிவிடும். வாங்கிய கடனைவிட அது பெரிது.

இதில் பாங்கி ஏமாற்றுவது ஒன்றுமில்லை. எஞ்சிய அசலுக்குத்தானே வட்டி? தொடக்கத்தில் அசல் பெரிது. ஆதலால் வட்டியும் பெரிது. ஆனால் இதே கணக்கு நமக்கும் உதவும். முதல் ஆண்டு முடிவில் ஒரு லட்சம் ரூபாயைக் கூடுதலாகக் கட்டினால், கடைசியில் 27 மாதத் தவணைகள் இல்லாமற் போகும். அதே ஒரு லட்சத்தைப் பதினான்காம் ஆண்டு முடிவில் கட்டினால் குறைவது 9 மாதந்தான். மாறும் வட்டியில் தனிமனிதர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வாங்கலாகாது என்று ரிசர்வ் பாங்கி 2012இல் விதித்துவிட்டது. ஒன்று மட்டும் மறவாதீர்கள்: தவணைத் தொகை அப்படியே இருக்க, காலத்தைக் குறைக்கும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். தவணையைக் குறைத்துக்கொண்டால் ஆதாயத்தின் பெரும்பகுதி கைநழுவும்.

இனி நம் பக்கம் வருவோம். மேற்சொன்ன கடனில் மாதந்தோறும் 1,000 ரூபாய் மட்டும் முதலிலிருந்தே கூடுதலாகக் கட்டினால், 240 மாதக் கடன் 209 மாதத்தில் தீர்ந்துவிடும். மாதம் ஆயிரம்! நள்ளிரவில் விடுதி வாயிலுக்கு வந்து சேரும் உணவுப் பொட்டலங்களை எண்ணிப் பாருங்கள். 'வட்டியில்லாத் தவணை' என்று வாங்கும் கைப்பேசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் பாங்கி 2013இலேயே கூறிவிட்டது. அந்த வட்டி வேறு பெயரில் எங்கேனும் ஒளிந்திருக்கும். தேநீரை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை; இந்த வடநாட்டுக் குளிரில் அது நடக்கிற காரியமா? வீட்டுக் கணக்கை அறிந்த பிள்ளை, எந்தச் செலவு தேவை, எந்தச் செலவு வீம்பு என்று தானே தெரிந்துகொள்வான். 'செலவைக் குறை' என்னும் கடிதங்களால் அது வருவதில்லை. ஆகவே பெற்றோர் கடன் கணக்கைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். காட்டாவிடின் நாம் கேட்க வேண்டும்.

கையிலுள்ள பணம் அனைத்தையும் கடனில் கொட்டிவிடுவதும் தவறு. பாங்கியில் கட்டிய பணம் மருத்துவமனை வாசலில் நிற்கும்போது திரும்பி வராது. சில மாதச் செலவுக்கு உரியதைத் தனியே வைத்தபிறகே இதைத் தொடங்க வேண்டும். கடனட்டைப் பாக்கி இருந்தால் அதுவே முதலில் தீரவேண்டும். அதன் வட்டி வீட்டுக் கடன் வட்டியைப்போல் பல மடங்கு.

கடன் முழுவதும் தீர்ந்த பின்னரும் ஒரு வேலை உண்டு. மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும் என்றும், தன் தவற்றால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றும் ரிசர்வ் பாங்கி 2023இல் ஆணையிட்டது. பத்திரம் கைக்கு வந்ததோடு நின்றுவிடாமல், ஈடு பதிவாகியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அது நீங்கியதையும் பதிவுசெய்து, புதிய வில்லங்கச் சான்று ஒன்றை வாங்கிப் பார்த்துவிட வேண்டும். ஊருக்குப் போகும் விடுமுறையில் இந்த அலைச்சலையாவது தந்தையாருக்கு மிச்சப்படுத்தலாம்.