நகைச்சுவைத் தேவதைக் கதைகள்

சிறார்க்குரிய கதைகளை நகைத்தற்குரியன என்றும், நன்னெறி புகட்டற்குரியன என்றும் இரு கூறாக்கி, முன்னையவற்றைத் தாழ்வாகக் கருதுவார் நம்மிற் பலர். தொல்காப்பியனாரோ மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதற்கண் வைத்தார். ஆங்கில மொழியில் எழுந்த நகைச்சுவைத் தேவதைக் கதைகளை ஆராய்வார்க்கு, மேற்கூறிய பாகுபாடு பொருந்தாதென்பது புலனாகும். அவற்றுள் மூன்றனை ஈண்டு நோக்குவாம்.

முதலாவது, தாக்கரே இயற்றிய 'ரோஜாவும் மோதிரமும்'. 1811ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்த இவ்வாசிரியர், தம் புதல்வியருடன் உரோமாபுரியில் தங்கியிருந்த காலத்து இதனைத் தொடங்கினார். ஆங்கு நோயுற்றிருந்த சிறுமி ஒருத்திக்குப் படித்துங் காட்டினார். தாமே வரைந்த படங்களோடு 1854ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் பருவத்தில் வெளியிட்டார்.

ரோஜாவையேனும் மோதிரத்தையேனும் அணிந்தார், காண்பார் கண்ணுக்குப் பேரழகராய்த் தோன்றுவர். அம்மோதிரம் அரண்மனைப் பணிப்பெண்ணின் விரலை அடைந்த அளவில், அரசனும் இளவரசர் இருவரும் ஒருங்கே அவள்மீது மையல் கொள்கின்றனர்! தேவதையை இகழ்ந்த வாயிற்காவலன் ஒருவன், கதவைத் தட்டுதற்குரிய பித்தளைப் பிடியாகி அக்கதவிலேயே தொங்குகின்றான். இவற்றைப் படித்து நகையாதார் யாவர்?

ஆயினும் கதையின் உயிர்நிலை வேறு. பிளாக்ஸ்டிக் என்னும் தேவதை, தன் வரங்கள் பெற்றாரைச் செருக்குறச் செய்தலன்றி நலஞ் செய்யாமை கண்டு சலிப்புற்றவள். ஆதலின் ஜிக்லியோ, ரோசால்பா என்னும் குழந்தைகட்கு அவள் அளித்த வரம் 'சிறிது துன்பம்' என்பதே. இருவரும் அரசிழக்கின்றனர், ரோசால்பா பணிப்பெண்ணாகிறாள், சோம்பித் திரிந்த ஜிக்லியோ நாடு நீங்கிய பின்னரே கருத்தூன்றிக் கல்வி பயில்கின்றான்.

இரண்டாவது, ஜார்ஜ் மக்டொனால்டு 1864இல் வெளியிட்ட 'கனமற்ற இளவரசி'. அழைக்கப்பெறாத அத்தையின் சாபத்தால் உடற்கனம் இழந்த இளவரசி காற்றில் மிதக்கின்றாள், எதற்கும் நகைக்கின்றாள், அழுதற்கு அறியாள். நிறையையும் மதிப்பையும் ஒருங்கே குறிக்கும் நம் 'கனம்' என்னும் சொல் இக்கதைக்கு எத்துணைப் பொருத்தமுடையது! தன்பொருட்டு உயிர்கொடுக்கத் துணிந்த இளவரசனுக்காக முதன்முறை அழும்போதே அவள் கால்கள் நிலத்திற் பதிகின்றன.

மூன்றாவது, அமெரிக்க ஆசிரியை கெய்ல் கார்சன் லெவின் 1997இல் வெளியிட்ட எல்லாவின் கதை. அழுத குழந்தைக்குத் தேவதை கீழ்ப்படிதலை வரமாக அளிக்கின்றாள். ஏவியது எதுவாயினும் எல்லா செய்தே தீரவேண்டும். கீழ்ப்படிதலையே தலையாய பண்பெனக் கேட்டு வளர்ந்த நமக்கு இவ்வரம் சாபமாதல் வியப்பளிக்கும். தான் நேசிக்கும் இளவரசனுக்குத் தன்னால் தீங்கு நேராதிருத்தற்பொருட்டு, அவனை மணக்குமாறு வந்த ஏவலையே மறுத்தபோது சாபம் அகல்கின்றது. தன் விருப்பினாலன்றி வருங் கீழ்ப்படிதல் அறமாகாதென்பதே இதன் கருத்து.

இம்மூன்று நூல்களும் வரத்தையும் சாபத்தையும் இடமாற்றி நம்மை நகைப்பித்துப் பின் சிந்திப்பிக்கின்றன. சென்ற விடுமுறையில் முதற்கதையை என் இளைய சகோதரிக்குத் தமிழிற் கூறினேன். எந்தையார் மறைந்தபின் நாங்கள் மாமனார் இல்லத்தில் வாழ்ந்து வருகின்றோம். பித்தளைப் பிடியான காவலனை எண்ணி நெடுநேரம் நகைத்தவள், திடீரென, "அண்ணா, நம் வீட்டிற்கும் அந்தத் தேவதைதான் வந்தாளா?" என்றாள்.

உடனே விடை கூற இயலவில்லை. பின்னர், "அவள் கொடுத்தது சிறிது துன்பம், அம்மா, நமக்கு வந்தது சிறிதன்று. அதை வரமென்று யாரும் சொல்ல வேண்டுவதில்லை" என்றேன். அவள் சிறிது நேரம் வாளாவிருந்து, "மீதிக் கதையைச் சொல்லுங்கள்" என்றாள்.

ஓராண்டாக எங்கள் வீட்டில் எவரும் வாய்விட்டுக் கேளாத வினா அது. அறிவுரைக் கதை எதுவும் அவளை அங்ஙனம் வினவச் செய்ததில்லை. நகைச்சுவைக் கதையே செய்தது. நண்பர்காள், இத்தகைய நூல்களைச் சிறுவர் விளையாட்டென ஒதுக்காது, தமிழ் பயிலும் நாமே நம் இளையோர்க்கு இனிய தமிழில் ஆக்கித் தருவோமாக.