தோலில் கட்டி, வேர் எங்கே?

லேக் கார்டன்ஸில் என் நெடுநாள் நண்பர் ஒருவருக்கு உச்சந்தலையில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி வந்தது. வலியில்லை. "வெறும் கொழுப்புக் கட்டி" என்று ஒரு சிறு கிளினிக்கில் வெட்டியெடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். நான்கு மாதத்தில் மார்பில் இரண்டு கட்டிகள். இம்முறை பயாப்ஸி செய்தார்கள். புற்றுநோய்! அது பிறந்த இடமோ நுரையீரல். நண்பர் இன்று நம்மிடையே இல்லை.

நான் டாக்டர் அல்ல. ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்றவன். டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததை வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

குடல், கணையம், நுரையீரல் முதலியவற்றில் நரம்பின் கட்டளையை ஏற்று ஹார்மோன் சுரக்கும் செல்கள் உண்டு. இவற்றில் தோன்றுவதே நியூரோஎண்டோகிரைன் புற்றுநோய். நடிகர் இர்ஃபான் கான் 2018இல் தமக்கு இவ்வகை நோய் என்று அறிவித்தபோதுதான் பலர் இப்பெயரையே கேள்விப்பட்டோம். 'நியூரோ' என்றால் மூளைக் கட்டி என்று பொருளல்ல என அவரே விளக்கினார். 2020 ஏப்ரல் 29இல் காலமானார்.

இவற்றில் சில பல ஆண்டுகள் மெல்ல வளரும். நுரையீரலின் 'ஸ்மால் செல்' வகையோ வேகமாகப் பரவும். கல்லீரலுக்கும் எலும்புக்கும் போவதே அதிகம். தோலுக்கு வருவது அபூர்வம். ஆனால் சிலருக்கு உள்ளே இருக்கும் நோயின் முதல் அறிகுறியே அந்தத் தோல் முடிச்சுதான்.

இதில் ஒரு சிக்கல். தோலிலேயே பிறக்கும் 'மெர்க்கல் செல்' புற்றுநோயும் மைக்ராஸ்கோப்பில் ஏறக்குறைய இதே போலத் தெரியும். எப்படிப் பிரிப்பது? ஒரு வாகன் எந்த யார்டில் நின்றாலும், அதன் மேல் எழுதிய எழுத்தைக் கொண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்று சொல்லிவிடுவோம் அல்லவா? செல்லிலும் அப்படி அடையாளப் புரதங்கள் உண்டு. சாயமேற்றிப் பார்த்தால், 'சிகே-20' தெரிவது பெரும்பாலும் மெர்க்கல். 'டிடிஎஃப்-1' தெரிந்தால் நுரையீரலைச் சந்தேகிப்பார்கள். பிறகு ஸ்கேன் எடுத்து உறுதி செய்வார்கள். பிறந்த இடத்தைப் பொறுத்தே சிகிச்சையும் மாறும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. புதிதாக வந்த கெட்டியான கட்டி வளர்ந்துகொண்டே போனால், வலியில்லை என்று சும்மா இருக்க வேண்டாம். பெரும்பாலான கட்டிகள் சாதாரணமானவையே. அதையும் டாக்டரே சொல்லட்டும்.

2. வெட்டியெடுத்த சதையைப் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டையும் ஸ்லைடுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

3. காரணமின்றி அடிக்கடி முகம் சிவந்து சூடேறுவதும், வயிற்றுப்போக்கு தொடர்வதும் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

நம் ஹாஸ்ராவிலேயே சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது; 1950இல் மேரி கியூரியின் மகள் ஐரீன் திறந்து வைத்தது. வேலூருக்கோ அடையாறுக்கோ போகிறவர்கள், புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு என்பதை மறக்க வேண்டாம். மருத்துவமனைச் சான்றிதழ் அவசியம்.

குப்பைக்குப் போன அந்தச் சுண்டைக்காய் அளவுச் சதை என் மனதை விட்டு இன்னும் போகவில்லை. உங்கள் வீட்டில் அப்படி நேர வேண்டாம்.