மாங்காய்ப் புட்டாவும் மறைந்த மலர்களும்

சேலைக் கரையில் நாம் 'மாங்காய்' என்று சொல்லும் புட்டாவை மேலை நாட்டார் 'பெய்ஸ்லி' என்பர். பெய்ஸ்லி என்பது ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகருக்கு மேற்கே உள்ள ஒரு நெசவூர். 19ஆம் நூற்றாண்டில் காஷ்மீர்ச் சால்வையைப் பார்த்து அதுபோல் நெய்து அவ்வூர் உலகெங்கும் விற்றது. ஊரின் பெயரே புட்டாவுக்கும் நிலைத்துவிட்டது. புட்டா வாழ்கிறது. ஆனால் அதை நெய்தவர்களின் பொழுதுபோக்குகள் என்னவாயின? அதனை இங்குக் காண்போம்.

கைத்தறி நெசவாளன் வீட்டிலேயே தறி வைத்திருந்தான். உழைப்பு கடுமைதான், எனினும் எப்போது தறியில் அமர்வது, எப்போது எழுவது என்பது அவன் விருப்பம். அந்த ஓய்வில் கவிதை பிறந்தது. ராபர்ட் டானஹில் (1774-1810) என்னும் பாடலாசிரியர் அவ்வூர் நெசவாளரே. அங்கே 1766இல் பிறந்து தறி நெய்த அலெக்சாண்டர் வில்சன், 1794இல் அமெரிக்கா சென்று, அந்நாட்டுப் பறவையியலின் தந்தை எனப் பெயர் பெற்றார்.

தாவரவியல் பயிலும் நம்மை வியக்க வைப்பது அவர்களின் மலர் வளர்ப்பு. கார்னேஷன் இனத்தைச் சேர்ந்த 'பிங்க்' என்னும் சிறு மலரில், இதழின் ஓரமெங்கும் சரிகைக் கரை போட்டதுபோல் அடர்நிறம் ஓடும் வகைகளை அவர்கள் உருவாக்கினர். விதைகளை விதைத்து, முளைத்தவற்றுள் சிறந்ததைத் தேர்ந்து, மீண்டும் விதைத்துப் பெற்ற பயன் அது. கல்லூரி காணாதவர்கள் செய்த அறிவியல் அல்லவா இது? இத்தகைய கலப்பு வகைகளின் விதை தாயைப் போன்ற செடியைத் தராது. தண்டை ஒடித்து நட்டே வகையைக் காக்க வேண்டும். வளர்க்கும் கை ஓய்ந்தால் வகையும் அழியும். அவ்வாறே பல அழிந்தன.

கை ஏன் ஓய்ந்தது? நெப்போலியன் போரில் பட்டு நூல் வரத்துத் தடைப்பட, கிளார்க் குடும்பத்தினர் பருத்தியில் உறுதியான நூல் செய்தனர்; 1812இல் ஆலை எழுந்தது. 1826இல் கோட்ஸ் குடும்பத்தின் ஆலை தொடங்கியது. 1870களில் நாகரிகம் மாறிச் சால்வைத் தொழில் வீழ்ந்தது. தறியில் தன் நேரத்தைத் தானே ஆண்ட தொழிலாளியை ஆலையின் நேரம் ஆண்டது. ஊரைப் புகை சூழ்ந்தது.

அவர்கள் வென்ற கதையும் உண்டு. வண்ண ஊடைகளைப் பிணைக்கும் மெல்லிய நூல் ஒன்று சால்வையில் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. தெரியாத நூலுக்குக் காசில்லை என்றனர் முதலாளிகள். நெசவாளர் போராடி 1856இல் அக்காசைப் பெற்றனர். ஜூலை முதல் சனிக்கிழமை அவர்களின் திருநாளாயிற்று. இடையில் மறைந்த அத்திருநாள் 1986இல் மீண்டும் தொடங்கப்பட்டது.

ஆலைகளும் நிலைக்கவில்லை. 1993இல் ஊரின் கடைசி நூலாலை மூடப்பட்டது. கோட்ஸ் என்ற பெயர் நமக்கும் புதிதன்று. 1974இல் மதுரை மில்லுடன் இணைந்து 'மதுரா கோட்ஸ்' ஆனது அந்நிறுவனமே.

தறி ஓசையில் வளர்ந்த எனக்கு இவ்வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. இடிந்த கட்டடத்தைப் படத்திலாவது காணலாம். உழைப்பாளியின் ஓய்வு பறிபோனால், அதனுடன் போகும் கலைக்கும் அறிவுக்கும் படம்கூட மிஞ்சாது. நம் ஊர் முதியோரிடம், "வேலை முடிந்தபின் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுக் குறித்து வைப்போம். கண்ணுக்குத் தெரியாத ஊடையும் துணியைத் தாங்கும் நூலே!